குடு மான் பில்டாங்கைக் குழம்பு வைக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்குப் போய்வந்து, குடு மான் பில்டாங் (உலர்த்திய கறி) ஒரு பை நிறையத் தந்தார். கல் மாதிரி இருக்கிறது. சமைக்கலாமா? அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு வேறு.

பதில் 1: தாராளமாக. வினிகர், உப்பு, வறுத்த மல்லி, மிளகு தடவிக் காற்றில் உலர்த்திய கறி அது, அடுப்பையே பார்த்திருக்காது. நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் வெங்காயம், தக்காளியோடு வதக்கி வேகவிடுங்கள். மல்லித்தூளே வேண்டாம், அதிலேயே இருக்கிறது. உப்பு கடைசியில், ருசி பார்த்து.

பதில் 2: குடுவில் கொழுப்பு குறைவு, புரதமும் இரும்பும் அதிகம். நீர் வற்றியதால் எல்லாமே செறிவு, உப்பும்தான். அப்பாவுக்கு வேண்டாம். துப்பாக்கியால் சுட்ட மான் என்றால் தோட்டாவின் ஈயத் துகளும் இருக்கலாம், குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

கேட்டவர்: சரி, அப்பாவுக்குப் பருப்புதான். திட்டு எனக்கு.