புது ஏரியில் ட்ரவுட் மீன்: கரையில் எங்கே தொடங்குவது?

கேள்வி: படகு இல்லை, கரையிலிருந்துதான் தூண்டில் வீசணும். ஆழமே தெரியாத ஏரியில் முதலில் எந்த இடத்தைப் பார்க்கலாம்?

பதில் 1: ஓடை வந்து சேரும் வாய். குளிர்ந்த நீரோடு இரையும் அங்கே வரும். அடுத்து, காற்று மோதும் கரை. எதிர்க்காற்றில் வீசுவது எரிச்சல்தான், ஆனால் பூச்சிகள் அங்கேதான் ஒதுங்கும்.

பதில் 2: ஆழம் பார்க்க 7 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) போதும். தண்ணீரில் விழுந்ததும் எண்ணுங்க, தூண்டில் நரம்பு தொய்ந்தால் தரை தட்டிடுச்சு. ஓரிடத்தில் 12, பக்கத்தில் 5 என்றால் நடுவில் சரிவு. அந்த விளிம்பை ஒட்டியே இழுங்க. தரை தட்டுவதற்கு 2 எண்ணிக்கை முன்பே ரீலைச் சுற்றணும், இல்லைன்னா பாசியில் மாட்டும்.

பதில் 3: தெர்மாமீட்டர் எடுத்துட்டுப் போங்க. நீர் 10–16 டிகிரி செல்சியஸ் என்றால் நல்லா கடிக்கும். 20ஐத் தாண்டினால் தூண்டிலைச் சுருட்டிடுங்க. பிடித்துத் திரும்ப விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம்.