டோர்னமென்ட்ல நல்ல கார்டே வரலைன்னா எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

கேட்டவர்: மூணாம்சீட்

நண்பர்களுக்குள்ள ஆடுற நோ லிமிட் ஹோல்டம் போக்கர் டோர்னமென்ட் (கையில ரெண்டு கார்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு). ஒரே டேபிள், 8 பேர், ஆளுக்கு 10,000 சிப்ஸ். பிளைண்ட் (கார்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா கட்டுற ஸ்மால், பிக் தொகை) 50/100, 100/200, 150/300, 200/400, 300/600, 400/800, 500/1000னு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஏறும். ஆன்டி (ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எல்லாரும் கட்டுறது) இல்ல, ரீபை (தோத்தவர் மறுபடி சிப்ஸ் வாங்குறது) இல்ல. தனி டீலர் இல்லாம மாத்தி மாத்திக் கார்டு போடுறதால மணிக்கு 24 ஹேண்ட் (ஒரு தடவை கார்டு போட்டு ஆடுறது) தான் ஓடும்.

ஒரு மணி நேரம் முழுக்க ஜாக்-4, 9-2, குயின்-3ன்னே வந்தா என்ன பண்றது? ஃபோல்ட் பண்ணிட்டே (கார்டை விட்டுட்டே) இருந்தா ஸ்டாக் (கையில இருக்குற சிப்ஸ்) கரையுது. பொறுமை போய் கிங்-7ஐ வச்சு கால் பண்ணா (எதிராளி போட்டதுக்குச் சமமாப் போட்டா) பாதி ஸ்டாக் ஒரே ஹேண்ட்ல போயிடுது. டேபிள்ல பாதிப் பேர் எதையும் கால் பண்றவங்க, அதனால ப்ளஃப்பும் எடுபடாது. எந்தக் கட்டத்துல எதை வச்சு இறங்கணும்?

பதில்: பட்டன்பக்கம்

முதல்ல உங்க அமைப்பையே கணக்குப் போட்டுப் பாருங்க. லெவலுக்கு 8 ஹேண்ட், அதாவது சரியா ஒரு சுற்று. ஒரு ஹேண்ட் கூட ஆடாம உட்கார்ந்திருந்தா முதல் லெவல்ல 150 போகும், அடுத்து 300, 450, 600. நாலு லெவல் முடிஞ்சும் போனது 1,500 தான், கையில 8,500 இருக்கு. ஆனா 300/600ல அந்த 8,500ங்கிறது வெறும் 14 பிக் பிளைண்ட். ஆரம்பத்துல 100 இருந்துச்சு. ஃபோல்ட் பண்றதால போற சிப்ஸ் கொஞ்சம் தான், பிளைண்ட் ஏற ஏற இருக்குற சிப்ஸுக்கு மதிப்பு குறையுது. அதனால முதல் ஒரு மணி நேரத்துல பதற வேண்டிய காரணமே இல்ல.

நல்ல கார்டு வராம இருக்கறதும் நீங்க நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்ல. கையில ஜோடி வர்றது 17 ஹேண்டுக்கு ஒரு தடவை. ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங் நாலையும் சேர்த்தாலே 39க்கு ஒண்ணு தான். 24 ஹேண்ட்ல இந்த நாலுல ஒண்ணு கூட வராம போக 54 சதவீதம் வாய்ப்பு இருக்கு. எந்த ஜோடியுமே வராம போக 23 சதவீதம்.

முதல் மூணு லெவல்: குப்பையை யோசிக்காம ஃபோல்ட் பண்ணுங்க. கால் பண்றவங்களை ப்ளஃப் பண்ணாதீங்க. நிறைய பேர் லிம்ப் பண்ணி (ஏத்தாம பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு), நீங்க பட்டன்லயோ (டீலர் சீட், ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா முடிவெடுக்கற இடம்) அதுக்கு முந்தின சீட்லயோ இருந்தா சின்ன ஜோடி, ஒரே சூட்ல 8-7 மாதிரி கார்டை வச்சு மலிவா ஃப்ளாப் (நடுவுல முதல்ல திறக்குற மூணு பொதுக் கார்டு) பாக்கலாம். ஜோடிக்கு ஃப்ளாப்ல செட் (ஜோடியோட அதே மாதிரி மூணாவது கார்டு) விழறது எட்டு, ஒன்பது தடவைக்கு ஒண்ணு. அதனால எதிராளி கையிலயும் உங்க கையிலயும் கால் தொகையைப் போல 15 மடங்காவது இருக்கணும். 100 கால் பண்ண 9,900 பின்னாடி இருந்தா சரி. 200/400ல யாரோ 1,200க்கு ரெய்ஸ் பண்ணி (ஏத்திப் போட்டு), உங்ககிட்ட 9,100 இருக்கும்போது 4-4ஐ வச்சு கால் பண்ணா தப்பு, எட்டு மடங்கு கூட இல்ல.

நாலாவது லெவல்: இப்போ பிளைண்ட் திருட (ரெய்ஸ் பண்ணி எல்லாரையும் விட வச்சு பிளைண்டை எடுக்க) ஆரம்பிக்கணும். 600ஐ எடுக்க 1,000க்கு ரெய்ஸ் பண்ணா, எட்டுல அஞ்சு தடவையாவது எல்லாரும் ஃபோல்ட் பண்ணணும். பின் சீட் வரைக்கும் எல்லாரும் விட்டிருந்து, பிளைண்ட்ல இருக்கறவங்களும் விடுற ஆளா இருந்தா மட்டும் பண்ணுங்க. உங்க கார்டைப் பாக்கறதுக்கு முன்னாடி இடது பக்கம் ரெண்டு பேரைப் பாருங்க. முறை வர்றதுக்கு முன்னாடியே கார்டைத் தூக்கிப் போடத் தயாரா கையில பிடிச்சிருக்கறவங்க சாதாரண டேபிள்ல எப்பவும் இருப்பாங்க. இந்தத் தகவலுக்கு நல்ல கார்டு தேவையில்ல.

அஞ்சாவது, ஆறாவது லெவல் தான் முக்கியம். இன்னொரு சுற்று போனா 7,600, 400/800ல அது 9.5 பிக் பிளைண்ட். 12க்குக் கீழ வந்ததும் சின்ன ரெய்ஸை நிறுத்திடுங்க, முதல்ல இறங்குறவரா இருந்தா ஆல் இன் (இருக்குற சிப்ஸ் எல்லாத்தையும் போடுறது), இல்லன்னா ஃபோல்ட். 10 பிக் பிளைண்ட்ல முன் சீட்டுன்னா 5-5க்கு மேல ஜோடி, ஏஸ்-10க்கு மேல, கிங்-குயின். பட்டன்ல எந்த ஜோடியும், எந்த ஏஸும், கிங்-8க்கு மேல, குயின்-9, ஜாக்-10.

ஏன் அதுக்கு மேல காத்திருக்கக் கூடாதுன்னா: 400/800ல நீங்க 8,000 ஆல் இன் போட்டா பிக் பிளைண்ட் இன்னும் 7,200 போட்டு 16,400 பாட்டுக்கு (நடுவுல சேர்ற மொத்தத்துக்கு) ஆடணும், அவருக்கு 44 சதவீத வாய்ப்பாவது வேணும். நீங்க 4,000 தான் போடுறீங்கன்னா 3,200 போட்டு 8,400 பாட், 38 சதவீதம் போதும். பட்டன்ல இருந்து பரவலா ஆல் இன் போடுறவருக்கு எதிரா பெரும்பாலான கார்டுக்கு அது இருக்கும். அதாவது 5 பிக் பிளைண்ட் ஆனப்புறம் அவர் கால் பண்றது தான் சரி, உங்க மிரட்டலுக்கு வேலை இல்ல.

பதில்: ஃபோல்ட்கணக்கு

மேல சொன்னது சரி, ஒரு இடத்துல மட்டும் இந்த டேபிளுக்கு ஏத்த மாதிரி மாத்தணும். பட்டன்ல 10 பிக் பிளைண்ட் ஆல் இன், கால் பண்ணா உங்க வாய்ப்பு 35 சதவீதம்னு வைங்க. அப்போ 65 சதவீதம் தடவை ரெண்டு பிளைண்டும் ஃபோல்ட் பண்ணா தான் கைக்கடி இல்லாம வரும். 40 சதவீதம் இருந்தா 55 போதும். எதையும் கால் பண்றவர் பிக் பிளைண்ட்ல இருந்தா 65 கிடைக்கவே கிடைக்காது. அதனால குயின்-9, ஜாக்-10ஐ எடுத்துடுங்க. ஏஸ், பெரிய கிங், ஜோடியை அப்படியே வைங்க. தளர்வா கால் பண்றவர்கிட்ட ஏஸ்-10 ரொம்ப நல்ல கார்டு: அவர் ஏஸ்-5ஓட வந்தா உங்களுக்குச் சுமார் 70 சதவீதம்.

லிம்ப் பண்றவங்களையும் கவனிங்க. 300/600ல மூணு பேர் லிம்ப் பண்ணா பாட்ல 2,700, உங்க 8,500ல மூணுல ஒரு பங்கு கிட்ட. 7-7, 8-8, ஏஸ்-ஜாக் இருந்தா நேரா ஆல் இன். எல்லாரும் விட்டா ஸ்டாக் 11,200 ஆகும், ஃப்ளாப் பாக்க வேண்டியதே இல்ல.

கிங்-7 விஷயம்: அதே கார்டை வச்சு யாரோ பண்ண ரெய்ஸை கால் பண்றது தான் பிரச்சனை. கிங்-குயின் எதிர்ல இருந்தா நாலுல ஒரு தடவை தான் ஜெயிப்பீங்க, ஃப்ளாப்ல கிங் விழுந்தா விடவும் மனசு வராது. முதல் ஆளா ஆல் இன் போட்டா மத்தவங்க விட்டும் ஜெயிக்கலாம், கார்டு விழுந்தும் ஜெயிக்கலாம். கால் பண்றவருக்கு முதல் வழி இல்ல. ஒரு ஆல் இன்னை கால் பண்ண எப்பவும் இன்னும் ஒரு படி மேலான கார்டு வேணும்.

மூணாம்சீட்

4 பிக் பிளைண்டுக்கு வந்தாச்சுன்னா? அடுத்த ஹேண்ட்ல பிக் பிளைண்ட் கட்டணும்னு வைங்க.

பதில்: பட்டன்பக்கம்

400/800ல 3,200. பிக், ஸ்மால் ரெண்டையும் கட்டிட்டு விட்டா 2,000 தான் மிஞ்சும், டபுள் ஆனாலும் பிரயோஜனம் இல்ல. அதனால இந்த ஹேண்ட்லயே எந்த ஏஸ், எந்த ஜோடி, கிங்-10 வந்தாலும் இறங்குங்க. வரலைன்னா விட்டுட்டு பிக் பிளைண்ட்ல பாருங்க: 800 உள்ள இருக்கும், பட்டன்ல இருந்து ஒருத்தர் மட்டும் ரெய்ஸ் பண்ணி ஸ்மால் பிளைண்டும் விட்டா மீதி 2,400க்கு 6,800 பாட், 35 சதவீதம் போதும். 9-8 மாதிரி கார்டுக்கே ஏஸ்-கிங் எதிர்ல அவ்வளவு இருக்கு.

இன்னொண்ணு, ரெண்டு கட்டு சீட்டு வச்சு ஆடுங்க. ஒரு கட்டுல ஆட்டம் ஓடும்போது போன ஹேண்ட் டீல் பண்ணவர் அடுத்ததைக் கலைச்சு வைக்கட்டும். மணிக்கு 24ங்கிறது 30 ஆனா லெவலுக்கு 10 ஹேண்ட். பிளைண்ட் ஏறுற வேகம் அதே தான், பாக்கற கார்டு கூடும்.