"கால்சியம் சமநிலை" வேண்டாம், "அளவுகாப்பு" என்போமா?

> ஹோமியோஸ்டாசிஸுக்கு, அதாவது உடல் தன் உள்நிலையை மாறாமல் வைத்துக்கொள்வதற்கு, "சமநிலை" என்பது பழகிவிட்ட சொல். கால்சியம், பாஸ்பேட் கட்டுரைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே, ஐயா?

வணக்கம் அம்மா,

பழகிய சொல்லைக் காரணமின்றி மாற்ற எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்கு அது பொருந்தவில்லை. இரத்தத்தில் கால்சியத்தின் அளவு மாறாமல் நிற்பது ஒன்று. உடலுக்குள் வருவதும் வெளியே போவதும் ஈடாக இருப்பது வேறொன்று. முதலாவது சரியாக இருக்கும்போதே இரண்டாவது கெட்டுக்கிடக்கலாம்.

உணவில் கால்சியம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இரத்த அளவு கொஞ்சம் இறங்கினாலே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் செல்களில் உள்ள கால்சிய உணர்வி அதைக் கண்டுகொள்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. எலும்பு கரைந்து கால்சியம் வெளிவருகிறது. சிறுநீரகம் கால்சியத்தை வழக்கத்தைவிட அதிகமாக மீளுறிஞ்சிக்கொள்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கும் மாற்றுகிறது, அது குடலில் உறிஞ்சலைக் கூட்டுகிறது. சரி, எலும்பு கரையும்போது பாஸ்பேட்டும் சேர்ந்துதானே வரும்? அதே ஹார்மோன் சிறுநீரகத்தில் பாஸ்பேட்டின் மீளுறிஞ்சலைக் குறைத்து, அதைச் சிறுநீரோடு போக்கிவிடுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் வியப்பு அடங்குவதில்லை.

முடிவில் பரிசோதனைத் தாளில் கால்சியம் டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம், வழக்கமான அளவுதான். ஆனால் உடலின் கால்சியத்தில் 99 விழுக்காட்டை வைத்திருக்கும் எலும்பு தேய்ந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையைக் "கால்சியம் சமநிலையில் உள்ளது" என்று எப்படி எழுதுவது? "நெகட்டிவ் பேலன்ஸ்" என்பதை "எதிர்மறைச் சமநிலை" என்று எழுதுவது இன்னும் மோசம். சமமாக இல்லை என்பதுதானே அங்கே செய்தி! ஆங்கிலத்தில் தராசு நேராக நிற்பதும் பேலன்ஸ், கணக்கில் மிஞ்சுவதும் பேலன்ஸ். தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. நாமாக ஏன் கொண்டுவர வேண்டும்?

ஹோமியோஸ்டாசிஸ் என்ற சொல்லை 1926-இல் உருவாக்கிய அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனனும் சமநிலை என்ற பொருள்தரும் சொல்லைத் தெரிந்தேதான் தவிர்த்தார். அது மூடிய அமைப்புகளில் நிகழும் எளிய வேதிநிலைக்கு உரியது என்பது அவர் கருத்து.

ஆகவே என் பரிந்துரை: ஹோமியோஸ்டாசிஸுக்கு "அளவுகாப்பு". வரவு மிஞ்சினால் "நிகர வரவு", செலவு மிஞ்சினால் "நிகர இழப்பு". இரண்டும் ஈடானால் மட்டும் "சமநிலை". அளவுகோல் என்பதில் ஒற்று மிகாதது போல அளவுகாப்பிலும் மிகாமல் எழுதலாம்.

> "தன்னிலை காத்தல்" என்று ஒரு சொல் இருக்கிறதே?

பொதுக் கட்டுரைக்கு நல்ல சொல்தான். ஆனால் "கால்சியத் தன்னிலை காத்தல்" என்றதும் கால்சியமே தன்னைக் காத்துக்கொள்வது போல ஒலிக்கிறது. காப்பது ஹார்மோன்களும் சிறுநீரகமும் அல்லவா?

நாள்பட்ட சிறுநீரக நோய்ப் பகுதியில் சொற்களை வைத்துப் பார்த்தேன்:

"சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளான நெஃப்ரான்கள் குறையும்போது, எலும்புச் செல்கள் சுரக்கும் எஃப்ஜிஎஃப் 23 என்ற ஹார்மோனும் பாராதைராய்டு ஹார்மோனும் உயர்ந்து, எஞ்சிய நெஃப்ரான்கள் ஒவ்வொன்றையும் கூடுதல் பாஸ்பேட்டை வெளியேற்ற வைக்கின்றன. இதனால் பாஸ்பேட் அளவுகாப்பு நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. நோய் முற்றியபின் நிகர வரவு மிகுந்து, இரத்த அளவும் ஏறுகிறது. எஃப்ஜிஎஃப் 23 செயல்படும் வைட்டமின் டி-யைக் குறைப்பதால் குடலில் கால்சிய உறிஞ்சலும் குறைகிறது. பாராதைராய்டு ஹார்மோன் மேலும் உயர்கிறது."

"அளவுகாப்பு" வரும் வாக்கியம் உங்கள் காதுக்கு உறுத்துகிறதா அம்மா? அப்புறம், பாஸ்பேட்டைச் சிறுநீரில் போக்கும் செயலுக்கும் ஒரு சொல் வேண்டும். "பாஸ்பேட்போக்கு" என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே நிறைவில்லை.