கார்பன் இழை தொட்டாலே பொடிகிறது, நடுவில் ஓட்டை: எங்கே கோளாறு?

நூல்கண்டு:
எம்.டெக் புராஜெக்ட்டுக்காக அக்ரிலிக் இழையைக் கார்பன் இழையாக்கப் பார்க்கிறேன். சுருட்டிப் பீங்கான் படகில் (உலைக்குள் வைக்கும் சின்னத் தட்டு) வைத்து, காற்று உலையில் நேராக 270 டிகிரி, ஒரு மணி நேரம். நன்றாகக் கறுத்துவிடுகிறது. அப்புறம் நைட்ரஜனில் 1000 டிகிரி. வெளியே எடுத்தால் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, விரல் பட்டதும் பொடிகிறது. குறுக்குவெட்டைப் பார்த்தால் ஒவ்வோர் இழையிலும் நடுவில் ஓட்டை. 1400க்கு ஏற்றினால் சரியாகுமா?

உலைக்காரர்:
ஏற்றாதீர்கள், வீண். காற்று உலையிலேயே கெட்டுவிட்டது. அங்கேதான் அக்ரிலிக்கின் நைட்ரைல் குழுக்கள் (கார்பன்-நைட்ரஜன் ஜோடிகள்) ஒன்றோடொன்று கோத்து ஏணிபோல் வளையத் தொடராகின்றன. ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் அடுத்த உலையில் உருகாமல் தாங்கும். அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் இறுகி, ஆக்சிஜன் உள்ளே போக விடாது. பக்குவமாகாத நடுப்பகுதி பிறகு வாயுவாக ஓடிவிடும், மிச்சம் ஓட்டை. 200இலிருந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றி, நடுநடுவே நிறுத்துங்கள். இந்த வினை தானே வெப்பம் கக்கும், அதனால் குவியலாக வைக்காதீர்கள். கறுப்பை நம்ப வேண்டாம், அடர்த்தி பாருங்கள்: கன சென்டிமீட்டருக்கு 1.18 கிராமில் இருந்த இழை 1.36ஐத் தாண்ட வேண்டும்.

கரிநூல்:
விறைப்பும் வேண்டுமென்றால் இழையைச் சுருங்க விடக்கூடாது. ஜப்பானில் அகியோ ஷிண்டோ என்ற ஆராய்ச்சியாளர் இதே அக்ரிலிக் பாலிமரிலிருந்து கார்பன் இழை செய்ய வழி காட்டினார். 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட் குழுவினர், காற்றில் சூடாக்கும்போதே இழையை இழுத்துப் பிடித்தார்கள். மூலக்கூறுகள் நீளவாக்கில் அடுக்காக நின்றன, விறைப்பும் ஏறியது. இன்றைய டோரே நிறுவனத்தின் டி300 கார்பன் இழையின் விறைப்பு 230 கிகாபாஸ்கல். நீங்கள் குறைந்தது ஸ்டீல் சட்டத்தில் இரு முனையையும் கட்டுங்கள்.

நூல்கண்டு:
சரி சார். ஸ்வெட்டர் பின்னும் நூல்தான் இருக்கிறது, போதுமா?

கரிநூல்:
அது துண்டு இழைகளை முறுக்கிய நூல், சாயமும் இருக்கும். முறுக்கை இழுத்தால் நூல்தான் நிமிரும், இழை நிமிராது. கார்பன் இழைக்கென்றே விற்கும் தொடர் இழை கேளுங்கள்.

உலைக்காரர்:
புகை எங்கே போகிறது?

நூல்கண்டு:
குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டிருக்கிறேன்.

உலைக்காரர்:
உலையை இப்போதே நிறுத்துங்கள். அதில் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷவாயு வரும். புகையை உறிஞ்சும் ஃப்யூம் ஹுட், விஷவாயுவைக் கழுவி நீக்கும் ஸ்க்ரப்பர், வாயு டிடெக்டர் மூன்றும் இருந்தால்தான் உங்கள் லேப் பொறுப்பாளர் அனுமதிக்கவே வேண்டும். இழையை அப்புறம் பார்க்கலாம்.