கூரை மாற்றும் வேலை: உடைசல் போடும் இரும்புப் பெட்டி திருகோணமலையில் வாடகைக்குக் கிடைக்குமா?

கிணற்றடி எழுதியது:

எங்கள் வீடு டைக் வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. அப்பா கட்டியது. முன்பக்கம் ஓடு, பின்னால் குசினியும் கிணற்றடித் தாழ்வாரமும் அஸ்பெஸ்டஸ் சீற். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த இரவு வாளியும் சட்டியும் மாற்றி மாற்றி வைத்தபடி விடிய விடிய இருந்தோம். அதற்குப் பிறகு ஒட்டுப் போட்டே காலம் போய்விட்டது. இந்த முறை மாரி தொடங்க முன்னம் முழுதாக மாற்றுவது என்று முடிவு.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் தம்பி சொல்கிறான், அங்கே கூரை வேலை என்றால் முதல் நாளே பெரிய இரும்புப் பெட்டி ஒன்றை வாசலில் இறக்கிவிட்டுப் போவார்களாம், நிரம்பியதும் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். "நீயும் ஒன்று எடு அக்கா" என்கிறான். அவனுக்கு ஒழுங்கை மறந்துவிட்டது. நேற்று அளந்தேன், கேற் வாசலில் 8 அடி 4 அங்குலம். ஆட்டோ வந்தால் சைக்கிள்காரர் மதிலோடு ஒட்ட வேண்டும்.

வெளியே குவித்து வைக்கவும் பயம். இரவில் மான்கள் வரும். ஒருமுறை பக்கத்து வீட்டார் வெறும் சீமெந்துப் பையை வெளியே வைத்துவிட்டார்கள், விடியப் பார்த்தால் ஒரு கொம்பன் அதை மென்றுகொண்டு நிற்கிறது. ஆணியும் பொலித்தீனும் கலந்த குவியல் என்றால் என்ன ஆகும்?

பெட்டி கிடைக்குமா? இல்லையென்றால் ட்ரக்டரில் எத்தனை நடை போகும்?

பாலையூற்று மேசன்:

அக்கா, அப்படிப் பெட்டி இங்கே நான் கண்டதில்லை. உங்களுக்குத் தேவையும் இல்லை.

நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 140 ஓடு. ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் 350 கிலோ. அதை எல்லாம் குப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இறக்கும்போது ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கிண் என்றால் நல்லது, டப் என்றால் உள்வெடிப்பு. நல்லதைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி, மதிலோரம் சாய்த்து வையுங்கள். பழைய ஓட்டுக்கு ஆள் வரும். முகட்டோடு மட்டும் சாந்து பிடித்திருக்கும், முழுதாக வராது.

அப்போது ஏற்ற வேண்டியது உடைந்த ஓடு, முகட்டுச் சாந்து, உக்கிய சிலாகை, அவ்வளவுதான். பெரிய ட்ரக்டர் உங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் திரும்பாது. லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லுக் கை ட்ரக்டர், பிடியுங்கள். ஹயர் பேசும்போது ஏற்றுகிற கூலி யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள், சண்டை வருவதே அதில்தான். உடைந்த ஓட்டைப் பள்ளம் நிரப்ப வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கைமரம் பனை என்றால் கழற்ற அவசரப்படாதீர்கள், வைரம் பாய்ந்த பனை இப்போது எங்கே கிடைக்கிறது?

பனிக்காலத்தான் (ரொறொன்ரோ):

உங்கள் தம்பி சொன்னது உண்மைதான், ஆனால் பாதி. இங்கே கூரை தார் பூசிய ஷிங்கிள். சுரண்டி எடுத்தால் திரும்பப் பாவிக்க முடியாது, அதனால்தான் பெட்டி. 20 கன யார் பெட்டி என்றால் 540 கன அடி, ஊர்க் கணக்கில் (நூறு கன அடி ஒரு கியூப்) ஏறக்குறைய ஐந்தரைக் கியூப். அவ்வளவு இடம் இருந்தாலும் நிரப்ப விடமாட்டார்கள், ஷிங்கிள் பாரம். பெட்டி நிரம்ப முன்னம் நிறை வரம்பு முடிந்துவிடும், மேலதிகமாகப் போனால் தனிக் காசு. நான் இரண்டு படை ஷிங்கிளைக் கழற்றியபோது அதைக் கவனிக்காமல் நன்றாகக் காசு கட்டினேன். இறக்கும் லொறிக்கு நீளமான நேர் இடம் வேண்டும், மேலே வயர் இருக்கக் கூடாது. அஸ்பெஸ்டஸைச் சாதாரணப் பெட்டியில் போடவே விடமாட்டார்கள். அதைத் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

உவர்மலை ஓய்வு:

எல்லோரும் ஓட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பயப்பட வேண்டியது பின்பக்கத்துச் சீற்றுக்கு.

முழுதாக இருக்கும் சீற் ஒன்றும் செய்யாது. உடையும்போதும் வெட்டும்போதும் பறக்கும் தூசிதான் நெஞ்சுக்குள் போய்த் தங்கும், வருத்தம் வர இருபது முப்பது வருடம்கூட எடுக்கும். எங்கள் பக்கத்தில் ஒருவர் பையன்களை ஏற்றிவிட்டுச் சுத்தியலால் அடித்து அடித்துக் கீழே தள்ளினார். முற்றம் முழுக்க வெள்ளை. பிறகு அதை விளக்குமாற்றால் கூட்டினார்கள்! வயிறு எரிந்தது.

கச்சான் காற்று எழும்ப முன்னம், விடியற்காலையில் தொடங்குங்கள். முதலில் கிணற்றைத் தறப்பாளால் மூடுங்கள். சீற்றை நன்றாக நனையுங்கள். கொளுக்கி ஆணி உப்புக் காற்றில் இறுகியிருக்கும், அடிக்காமல் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். சீற்றின் மேல் மிதிக்காமல் பலகை போட்டு நின்று, ஒவ்வொன்றாகக் கையில் இறக்க வேண்டும். பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம் கட்டாயம், துணிக்கட்டும் என்95உம் போதாது. இறக்கியதைத் தடித்த பொலித்தீனால் சுற்றி ஒட்டிவிடுங்கள். ஓட்டு உடைசலோடு கலக்காதீர்கள், பள்ளம் நிரப்ப யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்கே போடுவது என்று வேலை தொடங்க முன்னம் சபையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். லான்ட்மாஸ்டர்காரரிடம் கேட்டால் ஏதாவது பற்றைக்குள் தள்ளிவிட்டு வருவார்.

கிணற்றடி:

எல்லோருக்கும் நன்றி. கிணற்றை மூடுவது என் மண்டையில் வரவே இல்லை. அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம்.

ஓட்டுப் பக்கம் முடிந்தது. 620 சதுர அடி. மேசன் தம்பியின் கணக்குப்படி 868 ஓடு வர வேண்டும். கூடத்துக் கைமரம் ஒன்றில் அப்பா பென்சிலால் 900 என்று எழுதியிருந்தார், உடைசலுக்கும் சேர்த்து வாங்கியிருப்பார் போல. நானே வாங்கில் இருந்து தேங்காய் தட்டுவது போல ஒவ்வொன்றாகத் தட்டினேன். 540 கிண். மீதி லான்ட்மாஸ்டரில் இரண்டு நடை, ஏற்றுகூலி எங்கள் பக்கம். பனங்கைமரம் அப்படியே நிற்கிறது.

சீற்றைத் தொடவில்லை. பரிசோதகர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான். தம்பியிடம் அஸ்பெஸ்டஸைப் பெட்டியில் போடலாமா என்று கேட்டேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "மாமியிடம் சுகம் கேட்டதாகச் சொல்லு" என்றான்.

உக்காத சிலாகை கொஞ்சம் கேற்றடியில் கட்டி வைத்திருக்கிறேன். விறகுக்கு வேண்டியவர்கள் வந்து எடுக்கலாம். ஆணி பிடுங்கவில்லை, கவனம்.