சூப்பர்கொலைடர் லூப்பர்: திரும்பும் இடத்தில் 'டிக்' சத்தம்

வணக்கம் மக்களே. கோத்தகிரியில் நேரடி நிகழ்ச்சிக்காக சூப்பர்கொலைடரில் (ஒலிக்கான நிரல்மொழி) எழுதிய லூப்பர் இது: வாசிப்பதைப் பதிந்து, பெடலை விட்டதும் அதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கும். மேளம் பதிந்தால் பிரச்சினை தெரியாது, அடியிலேயே மறைந்துவிடும். கோத்தர் (நீலகிரிப் பழங்குடி) குழல் மாதிரி இழுத்து ஊதுவதைப் பதிந்தால், ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்'.

48,000 சாம்பிள் ரேட் (விநாடிக்கு அத்தனை ஒலி மதிப்புகள்), 60 விநாடி மோனோ பஃபர் (பதிவு தங்கும் நினைவிடம்), படிக்கவும் எழுதவும் ஒரே ஃபேஸர் (Phasor: பஃபரில் இடத்தை எண்ணிக்கொண்டே போய், முடிவில் தலைக்குத் திரும்பும் கூறு). பெடலை விட்டதும் பதிவு 20 மில்லிவிநாடியில் (960 சாம்பிள்) தணிந்து, அந்த வால் லூப்பின் தலைமேல் விழ வேண்டும். ஆனால் ஃபேஸர் தன் முடிவெல்லையை 64 சாம்பிள் பிளாக்குக்கு (ஒரே தடவையில் கணக்கிடும் தொகுதி) ஒருமுறைதான் பார்க்கிறது. பிளாக்கின் நடுவில் பெடல் வந்தால் வாலின் முதல் பகுதி எல்லைக்கு வெளியே போய், மிச்சம் திடுமெனத் தொடங்குகிறது.

பிளாக் அளவை 1 ஆக்கினால் சிபியு எகிறுகிறது. ஃபேஸருக்குப் பதில் ஆடியோ ரேட் (சாம்பிளுக்குச் சாம்பிள் கணக்கிடும்) ஸ்வீப்பை, அதாவது நிற்காமல் ஏறும் எண்ணியை, லூப் நீளத்தால் மாடுலோ (வகுத்த மீதி) போடலாம். ஆனால் 32 பிட் ஃப்ளோட்டில் 1,67,77,216-க்கு மேல் ஒற்றைப்படை எண்ணே கிடையாது, எண்ணி ஆறு நிமிடத்துக்குள் அதைத் தாண்டிவிடும், பிறகு கரகரப்புதான்.

பெடலையும் ஸ்வீப்பையும் கன்ட்ரோல் ரேட்டில் (பிளாக்குக்கு ஒருமுறை) வைத்து, லூப் நீளத்தை 64-இன் மடங்காக்கினால் போதுமா? ஒரு பிளாக்கின் 1.33 மில்லிவிநாடி காதுக்குத் தெரியாது. பாதி நீள லூப்பும் ஓட வேண்டும், அப்போது 128-இன் மடங்குதானே சரி? இப்படிச் செய்தவர்கள் சின்த்டெஃப் (சூப்பர்கொலைடர் ஒலி வரையறைக் குறிமுறை) இருந்தால் போடுங்கள்.