சனிக்கிழமை வகுப்பு ரத்து, பிள்ளைக்கு விளையாடத் தெரியவில்லை

செங்காங் அம்மா:
மகள் தொடக்கநிலை 3. திங்கள் அபாகஸ், புதன் நீச்சல், வெள்ளி கணக்குத் துணைப்பாடம், சனிக்கிழமை ஆங்கிலக் கட்டுரை, அது முடிந்த கையோடு பரதம். போன சனிக்கிழமை ஆங்கில ஆசிரியருக்குக் காய்ச்சல், வகுப்பு ரத்து. திடீரென்று ஒன்றரை மணி நேரம் கையில். இவள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இப்ப நான் என்ன செய்யணும்?" என்கிறாள். விளையாடு என்றேன். "என்ன விளையாட்டு? யாரோட?" எனக்கும் பதில் தெரியவில்லை, கடைசியில் ஐபேடைக் கொடுத்துவிட்டேன். நான் இதே சிங்கப்பூரில், அங் மோ கியோ வட்டாரத்தில் வளர்ந்தவள், நாலு மணிக்கு செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினால் அம்மா மூன்றாம் மாடியிலிருந்து கத்தும்வரை வீடு திரும்பியதில்லை. ஏதாவது ஒரு வகுப்பை நிறுத்தலாமா என்று பார்க்கிறேன். கணவர் வேண்டாம் என்கிறார். யாராவது நிறுத்திப் பார்த்தீர்களா?

ஈசூன்வாசி:
நாங்கள் போன வருடம் இரண்டை நிறுத்தினோம். உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு வாரம் நரகம். "போரடிக்குது, போரடிக்குது" என்று பின்னாலேயே சுற்றினான். மூன்றாவது வாரம் இணையத்தில் வாங்கிய சாமான்களின் அட்டைப்பெட்டிகளை எல்லாம் கூடத்தில் அடுக்கி எம்ஆர்டி ரயில் நிலையம் கட்டிவிட்டான். பழைய ஈசி லிங்க் பயணக் கார்டைத் தட்டினால் வாயாலேயே "பீப்" என்பான். பாட்டி கழிவறைக்குப் போகவும் கார்டு தட்ட வேண்டும், காசு இல்லையென்றால் டாப் அப் செய்துவிட்டுத்தான் போகணும்! நான்கு நாள் ஓடியது அந்த நிலையம். ஒன்று மட்டும், நிறுத்திய நேரத்தில் வேறொன்றைச் சேர்த்துவிடாதீர்கள் அக்கா. விளையாட்டுக்கே வகுப்பு நடத்துகிறார்கள் இப்போது, அதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஷிப்டு வேலைக்காரன்:
சொல்வது சுலபம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், பிள்ளை ஏழு மணிவரை மாணவர் பராமரிப்பு நிலையத்தில். கீழ்த்தளத்தில் பந்து விளையாடக்கூடாது என்று பலகை. கல்வி அமைச்சு தன் பங்குக்குக் குறைத்துத்தான் இருக்கிறது. தொடக்கநிலை 1, 2க்கு 2019 முதல் தேர்வு இல்லை, 2021இல் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண் முறையே மாறியது, 2023க்குள் அரையாண்டுத் தேர்வும் எல்லா வகுப்புக்கும் நின்றுவிட்டது. நாம் என்ன செய்தோம்? துணைப்பாடத்துக்கு 2018இல் ஊர் முழுக்க 1.4 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்த குடும்பங்கள் 2023இல் 1.8 பில்லியன் செலவழித்தன. எல்லாரும் ஓடும்போது என் பிள்ளையை மட்டும் உட்கார வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஊரோடு ஒத்து வாழ் என்றுதானே வளர்த்தார்கள்.

தோ பாயோ தாத்தா:
தம்பி சொல்வதில் தப்பில்லை. நாங்கள் ஓடாமல் இருந்ததற்குக் காரணம் ஓடச் சொல்ல ஆளில்லாததுதான், பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. கம்பத்து வாழ்க்கையில், அதாவது அந்தக் காலக் கிராமத்தில், மைலோ டின்னை எடுத்துக்கொண்டு லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) இறங்கி கப்பி மீன் பிடிப்போம், அடி வாங்குவோம், மறுநாளும் இறங்குவோம். என் மகன் லோரோங் 6 டிராகன் விளையாட்டுத் திடலில் வளர்ந்தான். 1979இல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டியது, இன்னும் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. எனக்கு 67, தினமும் சாயங்காலம் புளோக்குக்குக் கீழே கேரம். "வேலை இல்லையா?" என்று மகன் முணுமுணுப்பான். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட வந்தவன், சும்மா ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்தான். மணி பத்தாகிவிட்டது. கைப்பேசி மேலே வீட்டில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அவனுக்கு நினைப்பே இல்லை. சிவப்புக் காயைப் போட்டபோது அவன் கத்திய கத்தல் நாலாவது மாடிவரை கேட்டது. 38 வயது! பெரியவர்கள் விளையாடுவதைப் பார்க்காத பிள்ளைக்கு எப்படிம்மா விளையாட வரும்?

பாலர் பள்ளி டீச்சர்:
தாத்தாவுக்கு ஒரு வணக்கம். என் வகுப்பில் சறுக்குமரத்துக்கு யார் முதலில் என்று தினமும் சண்டை. நான் ஓடிப்போய் தீர்க்கமாட்டேன், அவர்களே "நீ ரெண்டு தடவை, நான் ரெண்டு தடவை" என்று சட்டம் போட்டு, மீறி, அழுது, மறுபடி போடுவார்கள். இதை எந்தப் பயிற்சித்தாளில் சொல்லிக்கொடுப்பது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையும் இந்த மாதிரி விளையாட்டில்தான் திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் பிள்ளை பழகுகிறது என்கிறது. அப்புறம் கண். பகல் வெளிச்சத்தில் வெளியே இருந்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறையும், நம் ஊரில் கண்ணாடி போடாத பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. எதை நிறுத்துவது என்று எங்களைக் கேட்காதீர்கள், அவளையே கேளுங்கள்.

செங்காங் அம்மா:
கேட்டேன். அபாகஸ் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அந்த மணிகள் டக் டக்கென்று தட்டும் சத்தம் பிடிக்குமாம், அது இருக்கட்டுமாம். பரதம்தான் வேண்டாமாம். பரதம் நான் சின்ன வயதில் ஆசைப்பட்டு, வசதியில்லாமல் விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேச முடியவில்லை. ஆசிரியரிடம் ஒரு மாதம் விடுப்பு சொல்லியிருக்கிறேன், அதற்குமேல் இன்னும் முடிவெடுக்கவில்லை.

நேற்று ராத்திரி பழைய ஜாக்கெட் துணியில் அஞ்சாங்கல் தைக்க உட்கார்ந்தோம், எங்கள் பாட்டி தைத்துத் தந்த மாதிரி முக்கோணப் பை. அரிசி போட்டேன், மேலே போட்டுப் பிடித்தால் கையில் நிற்காமல் நழுவுகிறது. பச்சைப்பயறு போட வேண்டுமா? எவ்வளவு?